மனோன்மணியின் முப்பத்தைந்து கிராம்

அக்டோபர் 17, வியாழன்

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. அபிராமி என்கிற டயட்டீசியன் பெண் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். "ஆன்ட்டி, ஓடிட்டு வந்ததும் என்ன சாப்பிடறீங்க, எத்தனை மணிக்குன்னு தினமும் எழுதிட்டு வாங்க. மறைக்கக் கூடாது, ஆமா" என்றாள். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்து நான்கு வருடம் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள் நான். ஊர் ரகசியம் அத்தனையும் காதில் விழும், ஒன்றையும் வாயில் விட்டதில்லை. என்னைப் பார்த்து மறைக்காதே என்கிறாள், இருபத்தேழு வயசுப் பொண்ணு!

சரி, விவரம். பெயர் மனோன்மணி. வயது அறுபத்து நான்கு. எடை ஐம்பத்து இரண்டு கிலோ. கோயமுத்தூர், ராமநாதபுரம். ஓட ஆரம்பித்தது ஐம்பத்தாறு வயதில். இதுவரை ஆறு முறை இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போயிருக்கிறேன், ஐந்து முறை முடித்திருக்கிறேன். மூன்று மணி நேரம்தான் கெடு. கெடுவுக்குள் வர மாட்டார்கள் என்று தெரிந்தவர்களை அள்ளிப் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளை வேன் கடைசியில் ஊர்ந்து வரும். சென்ற வருடம் பதினேழாவது கிலோமீட்டரில் நான் அதில் ஏறும்படி ஆகிவிட்டது. ஷூ கடித்துவிட்டது, அவ்வளவுதான்.

பெங்களூரில் இருக்கும் மகன் நவநீதனுக்கு இது போதாதா? "அம்மா, இந்தத் தடவையும் வேன்ல ஏறினீங்கன்னா இதோட நிறுத்திக்கோணும். ஷூவை யாருக்காவது குடுத்துரோணும்" என்றான். எனக்கு ரோசம் வந்து, சரிடா என்று மருதமலை முருகன் மேல் சத்தியம் பண்ணித் தொலைத்துவிட்டேன். ஓட்டம் டிசம்பர் 15. அதற்காகத்தான் அபிராமியிடம் போனது.

அவள் கெண்டைக்காலை டேப் வைத்து அளந்தாள். முப்பத்து இரண்டு சென்டிமீட்டர். "வயசானா உடம்புக்குக் காது மந்தமாயிரும் ஆன்ட்டி. சின்னப் பசங்க ஓடி முடிச்சு இருபது கிராம் புரோட்டீன் சாப்பிட்டாப் போதும், சதை கேட்டுக்கும். உங்களுக்குக் கொஞ்சம் சத்தமாச் சொல்லணும். முப்பது, முப்பத்தஞ்சு. அதுவும் ஓடி வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள" என்றாள். இது எனக்குப் புரிந்தது. மழைக்காலத்து ஊட்டி லைன் அப்படித்தான். கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும்.

பட்டியல்: முட்டை இரண்டு, முளைகட்டிய பாசிப்பயறு சுண்டல் ஒரு கிண்ணம், பன்னீர் நாலு துண்டு, பால் ஒரு டம்ளர். வெள்ளி, சனி எங்கள் வீட்டில் முட்டை ஆகாது. அன்றைக்குப் பன்னீர் கூட.

வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். அறுபத்தொன்பது. மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிவியிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் நடப்பார். பட்டியலைப் படித்துவிட்டு, "ஏம்மிணி, நாய் தொரத்தாம ஓடற ஒரே ஆளு இந்த ஊருல நீதான். அதுக்கு முட்டை வேறயா?" என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

பன்னிரண்டு கிலோமீட்டர். வீடு வந்தது 7.10.

சாப்பிட்டது: முட்டை இரண்டு, சுண்டல், பன்னீர், பால். நேரம்: காலை.

'காலை' என்றால் போதாதா? வந்ததும் உடனே உட்கார முடியுமா? இவர் குளித்து, சாமி கும்பிட்டு, பேப்பரில் இரங்கல் செய்தி வரைக்கும் படித்து முடித்துத்தான் மேசைக்கு வருவார். அவருக்கு வைத்துவிட்டுத்தான் நான். சுண்டலை வாயில் போட்டதும், "அட, நெம்ப ஜோரா இருக்குதே!" என்றார். கல்யாணம் ஆகி நாற்பது வருடத்தில் என் சமையலுக்கு இது மூன்றாவது ஜோர். மனசு கேட்குமா? இன்னும் இரண்டு கரண்டி வைத்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

எட்டு கிலோமீட்டர். கொள்ளு வேகவைத்தேன். அபிராமி கொடுத்த அட்டையில் கொள்ளுக்கு நல்ல மார்க்கு. பருப்பைக் கடைந்து, பூண்டு தாளித்து அவருக்கு வைத்தேன். வடித்த தண்ணீரில் ரசம் வைத்து நான் சோற்றில் ஊற்றிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

சாப்பிட்டது: கொள்ளு.

அக்டோபர் 27, ஞாயிறு

பதினான்கு கிலோமீட்டர். சாப்பிட்டது பட்டியல்படி. முட்டை ஒன்று வெடித்துவிட்டது, வெடித்ததை நான் எடுத்துக்கொண்டேன். மஞ்சள் கரு தண்ணீரிலேயே போய்விட்டது. நல்ல முட்டையை அவர் தட்டில் வைத்தேன், 'இன்னொண்ணு எங்கே' என்று அவர் பார்த்த பார்வையில் என் பன்னீரும் அங்கே போயிற்று.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஓடவில்லை. பலகாரத்தை எழுதச் சொல்லி அபிராமி சொல்லவில்லை. அதனால் எழுதவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

பதினாறு கிலோமீட்டர் ஓட வேண்டியது. பன்னிரண்டுக்கு மேல் நடந்தேன். சிங்காநல்லூர்ப் பக்கம் எதிர்க்காற்று. மரம் ஏதும் அசையவில்லை என்பது வேறு விஷயம்.

சாப்பிட்டது: பட்டியல்படி.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். விரதம். பால், பழம். முருகா, டிசம்பர் 15 உனக்கும் ஞாபகம் இருக்கட்டும். சத்தியம் உன் மேல்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

நவநீதன் வந்திருந்தான். என்னைப் பார்த்து, "அம்மா, என்ன இப்படி எளைச்சுட்டீங்க?" என்றான். அப்பாவைப் பார்த்து, "அப்பா, நீங்க ஆள் ஒரு சுத்து வந்துட்டீங்க" என்றான். இவர் சட்டையின் வயிற்றுப் பட்டன் காஜாவுக்கு வர மறுக்கிறது. "சட்டை சுருங்கிப்போச்சுரா" என்கிறார். பதினொரு வருடமாகச் சுருங்காத சட்டை இந்த மாதம் சுருங்கிவிட்டதாம்!

பதினாறு கிலோமீட்டர் இன்றைக்கும் முடியவில்லை. மகன் வந்த அலைச்சல்.

நவம்பர் 14, வியாழன்

அபிராமி டேப்பை மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று புள்ளி நாலு. நோட்டைப் புரட்டினாள். கால்குலேட்டரைத் தட்டினாள். மறுபடி டேப்பை எடுத்தாள்.

"ஆன்ட்டி, இந்த நோட்டுப்படி நீங்க ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிராம் சாப்பிடறீங்க. கால் கூடணும், இல்லைன்னா அப்படியே நிக்கணும். குறையுது. எனக்குப் பயமா இருக்கு" என்று ரத்தம், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். சின்னப் பெண், கண் கலங்கியிருந்தது. எனக்கும் பயம்தான். என் அம்மா இப்படி இளைத்து இளைத்துத்தான் போனாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

டெஸ்ட் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். ஒரு குறையும் இல்லையாம். "அப்ப சாப்பிடறதெல்லாம் எங்கதான் போகுது?" என்று போனில் கேட்டாள் அபிராமி. எனக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 24, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஓடிவிட்டு ஏழு மணிக்கு வந்தால், வாசலில் ஸ்கூட்டியோடு நிற்கிறாள் அபிராமி. "இந்தப் பக்கமா வந்தேன் ஆன்ட்டி. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க" என்று சமையலறை ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் என் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். முட்டை வெந்தது. சுண்டல் தாளித்தேன். இவர் குளித்து வர எட்டே கால். தட்டில் முட்டை இரண்டு வைத்தேன். சுண்டல் வைத்தேன். பன்னீர் வைத்தேன். பால் ஆற்றிக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தில் ஒட்டியிருந்த சுண்டலை வழித்து, ராத்திரி மிஞ்சிய இட்லி ஒன்றோடு நான் ஒன்பதரைக்கு வாயில் வைக்கப் போனபோது, "ஆன்ட்டி!" என்று கத்தினாள் பாருங்கள், இவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார்.

"நோட்டுல முட்டை ரெண்டுன்னு எழுதறீங்களே, அது யார் சாப்பிட்டது?"

"வீட்டுலதான் கண்ணு சாப்பிட்டது."

"வீட்டுலன்னா யாரு?"

என் கண் தானாக இவர் பக்கம் போயிற்று.

அபிராமி டேப்பை எடுத்துக்கொண்டு நேராக இவரிடம் போனாள். "அங்கிள், எந்திரிச்சு நில்லுங்க. உங்க எடை எத்தனை?"

"போன மாசம் செக்கப்புல எழுவத்தி நாலு."

பையிலிருந்து எடை மெஷினை எடுத்து வைத்தாள். எழுபத்தேழரை.

"ஆன்ட்டி, உங்க புரோட்டீன் எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சாச்சு. நீங்க ஓடறீங்க, அங்கிளுக்குச் சதை போடுது. இவரைத்தான் ஓட விடணும்!"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பொய் எழுதவில்லை. அடுப்பில் என்ன வெந்ததோ அதை எழுதினேன். சமைத்தால் சாப்பிட்ட மாதிரிதானே என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அது கூட இன்றைக்குத்தான் தெரிந்தது. கூறு கெட்டவள்.

மத்தியானம் இவர் டிவி போடவில்லை. இந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். பிடுங்கப் போனேன், விடவில்லை. கொள்ளு என்று எழுதின இடத்தில் விரலை வைத்து, "ஏம்மிணி, இத்தனை வருசமா கொள்ளுத் தண்ணியவா குடிச்சுட்டு இருந்தே?" என்றார்.

"ரசம் எனக்குப் புடிக்குங்க."

"பருப்பு புடிக்காதா?"

எழுந்து போய் அண்டாவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். நிறையத்தான் இருந்தது.

நவம்பர் 25, திங்கள்

அபிராமி போட்ட புது சட்டம்: இனி நோட்டில் நான் எழுதுவதற்குக் கீழே இவர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். இவர் அதற்கு மேல் ஒரு சட்டம் போட்டுவிட்டார். நான் சாப்பிட்டு முடித்தால்தான் அவர் சாப்பிடுவாராம்.

காலையில் வாசல் கேட்டிலேயே தட்டோடு நின்றார். முட்டை வேகவைக்கத் தெரியாமல் தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகி, மூன்று முட்டையில் ஒன்று உத்தரம் வரைக்கும் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உள்ள வந்து திங்கறேனுங்க, மானம் போகுது" என்றேன். "மணி ஓடுது அம்மிணி. வாயைத் தொற" என்றார்.

சாப்பிட்டது: முட்டை இரண்டு (ஒன்று கரிந்தது), பன்னீர், பால். 7.05.

சாட்சி: சி. சென்னியப்பன். கரிஞ்சது என் தப்பு.

நவம்பர் 28, வியாழன்

அவர் பசியோடு எதிரில் உட்கார்ந்திருக்க நான் தின்பதென்றால் சுலபமா? ஏதோ திருடித் தின்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வாய்க்கு ஒரு தரம் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவர் என் வாயையே பார்க்கிறார், கோழியைப் பார்க்கிற பூனை கணக்காக. "நீங்களும் ஒரு வாய்" என்று கை நீட்டினால், "அபிராமிக்குப் போன் போட்டுருவேன்" என்கிறார்.

டிரங்க் கால் போட்ட காலத்தில் சூப்பர்வைசர் பின்னால் நின்றால் கூட இவ்வளவு பயந்ததில்லை.

சாப்பிட்டது: எல்லாம்.

சாட்சி: சி. செ. ஒரு பன்னீர் துண்டை எனக்குத் தள்ளப் பாத்தா. புடிச்சுட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பதினெட்டு கிலோமீட்டர். முழுசும் ஓடினேன். பதினேழாவது கிலோமீட்டர் வந்ததும் கால் காலியாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. பேசாமல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். சென்ற வருடம் ஷூ கடிக்கவில்லை. என்னை யாரும் ஏற்றவும் இல்லை. கால் இரண்டிலும் ஒன்றுமே இல்லாமல் போய், நானேதான் கை காட்டி வேனை நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் ஷூவைக் கழற்றி, கடித்த மாதிரி விரலைத் தேய்த்துச் சிவக்க வைத்தேன். அறுபத்து மூன்று வயதில் செய்கிற காரியமா இது?

சாட்சி: சி. செ. விரலுக்கு நான் மஞ்சப் பத்துப் போட்டேன், போன வருசம். அப்பவே சந்தேகந்தான்.

டிசம்பர் 12, வியாழன்

கெண்டைக்கால் முப்பத்தொன்று புள்ளி எட்டு. "இன்னும் முப்பத்திரண்டு வரலையே" என்றேன். "கூடிட்டு வருதே, அது போதும் ஆன்ட்டி. மூணு வாரத்துல மாயம் எல்லாம் நடக்காது" என்றாள். இவருக்கு எழுபத்தாறு. அவருக்கு அதில் வருத்தம் இல்லை, பட்டன் போட முடிகிறது என்கிறார்.

ஷூவைத் துவைத்துக் காய வைத்தேன். முடிக்காவிட்டால் யாருக்காவது கொடுக்க வேண்டியது. அழுக்காகக் கொடுக்கக் கூடாது. அதற்காகவும்தான்.

டிசம்பர் 15, ஞாயிறு

மத்தியானம் எழுதுகிறேன். கால் இரண்டும் வெந்நீரில்.

விடியற்காலை ஐந்தரைக்கு விசில் ஊதினார்கள். பத்து வரைக்கும் குறையில்லை. பதினைந்தில் முன்னால் போன கூட்டம் மறைந்துவிட்டது. பதினேழில் பின்னால் அந்த உறுமல் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, வெள்ளை வேன். அதே டிரைவர். தலையை வெளியே நீட்டி, "அம்மா, வாங்கம்மா. போன வருசம் உக்காந்த சீட்டு அப்படியே இருக்குது" என்றான்.

"நீ முன்னால போயி ஒரு டீ குடி சாமி. நான் வர்றேன்."

"முன்னால போகக் கூடாதுங்கம்மா. உங்களுக்குப் பின்னாலதான் வரோணும், சட்டம்."

"அப்ப வா. ஆரன் மட்டும் அடிச்சே, பாத்துக்கோ."

பத்தொன்பதில் கால் கனத்தது. கை காட்டினால் போதும், நிறுத்திவிடுவான். சென்ற வருடம் காட்டிய கை இதுதான். அந்தக் கையை இடுப்பில் சொருகிக்கொண்டேன். வலித்தது, ஆனால் கால் காலியாகவில்லை. வலி வேறு, காலி வேறு. அது இந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. பாசிப்பயறு, முட்டை, பன்னீர், கொள்ளு என்று ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். முருகன் பேர் சொல்ல மறந்துவிட்டது. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிடம். வேன்காரப் பையன் கடைசியில் ஆரன் அடித்தான், நீளமாக. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோட்டைத் தாண்டி நான் மெல்ல வெளியே நடந்து வந்தபோது இவர் நின்றிருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில், எல்லாப் பட்டனும் போட்டு. "ஏழு நிமிசம் போயிருச்சு. உக்காரு, வெசையா!" என்று தூக்குப் போசியைத் திறந்தார். ஏழு நிமிடத்தில் நவநீதனுக்குப் போன் போட்டு, 'உங்கம்மா முடிச்சுட்டாடா' என்று கத்திவிட்டு வேறு வந்திருக்கிறார்.

நடைபாதை ஓரம் உட்கார்ந்து முட்டையை எடுத்தேன். அவரே உரித்து வைத்திருந்தார். என் கை என்ன செய்தது தெரியுமா? பாதியாகப் பிட்டு நேராக அவர் வாய்க்குப் போய்விட்டது. இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி வந்த கைக்கு அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அப்போதுதான் அவர் போட்ட சட்டம் ஞாபகம் வந்தது.

"ஏனுங்க, காத்தால என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"காப்பி?"

"இல்ல."

"நாலு மணிக்கு எந்திரிச்சு, எட்டரை வரைக்கும் வெறும் வயித்தோடயா நின்னீங்க?"

"நீ திங்காம நான் எப்பிடி அம்மிணி திங்கறது?"

இதை நான் இவரிடம் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே முட்டை இரண்டையும் தின்றேன், சுண்டலைத் தின்றேன், பன்னீரைத் தின்றேன், பாலைக் குடித்தேன். போகிறவர்கள் எல்லாம் கால் வலிக்கு அழுகிறேன் என்று நினைத்து ஐஸ் வேண்டுமா என்று கேட்டார்கள்.

கடைசி வாய் முழுங்கியதும், "போசியில வேற என்ன இருக்குது?" என்று எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவருக்கென்று எடுத்து வரவே மறந்திருக்கிறார். வேன்காரப் பையன்தான் அவருக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி ஒன்று. ஓட்டம் இல்லை. ஓய்வு நாளிலும் புரோட்டீன் குறையக் கூடாது என்று உத்தரவு. இவரே கொள்ளு வேகவைத்தார்.

சாப்பிட்டது: கொள்ளுப் பருப்பு, இரண்டு கிண்ணம். சாப்பிட்டவள்: மனோன்மணி.

சாட்சி: சி. சென்னியப்பன். பருப்பு அம்மிணிக்கு, வடிச்ச தண்ணி எனக்கு. ரசம் பரவால்ல. நாப்பது வருசம் குடிக்கற அளவுக்கு இல்ல.